மடக்கு வண்டில் வாங்கப் போகிறீர்களா?

வைகாசி மாதம் பிறந்து வெயில் எட்டிப் பார்த்ததும் ஒஸ்லோவில் எம்மவர்களின் சனி, ஞாயிறுகள் மாறிவிடுகின்றன. சொங்ஸ்வான் ஏரிக்கரை, ஏக்கபெர்க் மேட்டுப் புல்வெளி, படகேறிப் போகும் ஹொவெடொயா தீவு, கழகங்களின் விளையாட்டுப் போட்டிகள் என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு பயணம் இருக்கும். நோர்வேஜியர் ஒரு முதுகுப்பையுடனும் இரண்டு துண்டுப் பாணுடனும் காட்டுக்குள் போய்விடுவார்கள். எமக்கு அது கட்டுப்படியாகாது. புரியாணிச் சட்டி, கோழிக்கறி, தேத்தண்ணிப் போத்தல், பாய், மடக்குக் கதிரை, பந்து, அம்மம்மாவுக்குக் கம்பளி, சின்னவருக்கு மாற்றுடுப்பு, இத்தனையும் போக வேண்டும். போகும் வழியில் சின்னவருக்குக் கால் நோகும். "அப்பா, தூக்குங்கோ" என்ற குரல் கேட்கும்.

இதனால்தான் கடந்த சில கோடைகளாக எமது குடும்பங்களிடையே மடக்கு வண்டில்கள் பெருகிவிட்டன. துணித் தொட்டியும் நான்கு சில்லுகளும் ஒரு நீண்ட கைபிடியும் உள்ள, மடித்துக் காரின் பின்பெட்டியில் போடக்கூடிய இழுவண்டிலைத்தான் சொல்கிறேன். இங்குள்ள கடைகளில் ட்ரல்லே என்று கேட்டால் காட்டுவார்கள். ஜேர்மனியில் உள்ள உறவினர் இதைப் பொல்லர்வாகன் என்பார்கள். அங்கே இயேசு விண்ணேற்ற நாளில் ஆண்கள் கூட்டமாகப் பியர் ஏற்றி இழுத்துத் திரிவதும் இதே வண்டிலில்தான்.

சுகாதாரப் பக்கத்தில் வண்டிலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 2000-2001 ஆண்டுகளில் ஒஸ்லோவில் நடந்த பெரிய சுகாதார ஆய்வையும், அதைத் தொடர்ந்து 2002-இல் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வந்தவர்களிடையே நடந்த ஆய்வையும் பலர் அறிந்திருப்பீர்கள். எம்மவர்களிடம் நீரிழிவும் வைட்டமின் டி குறைபாடும் பரவலாக இருப்பதை அவை காட்டின. எம்மவர் பலர் வாழும் குரூருத் பள்ளத்தாக்கின் ரொம்சோசில், 2000 முதல் 2003 வரை மக்களை நடக்கத் தூண்டும் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. அயலிலுள்ள பூருசெத்துடன் ஒப்பிட்டபோது ரொம்சோசில் உடற்பயிற்சி கூடியிருந்தது. எடை கூடியவர்கள் குறைவாக இருந்தார்கள். இதற்காக யாரும் பெரிய பயிற்சிக்கூடம் கட்டவில்லை. பெரும்பாலும் நடந்தார்கள், அவ்வளவுதான். வெளியே போய் நடப்பது எமக்கு மருந்து. அந்த மருந்தை எடுப்பதற்கு இந்த வண்டில் துணையாகவும் இருக்கலாம், தடையாகவும் இருக்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிலைச் சாமானுக்காக வாங்குங்கள். பிள்ளையை ஏற்றுவதற்காக வாங்குவதென்றால் அது வேறு வண்டில், வேறு விலை, வேறு சோதனை.

எழுதியிருப்பதை வாசியுங்கள்

கடையில் ஆயிரம் குரோணருக்கு முன்பின்னாக விற்கும் வண்டில்களில் பெரும்பாலானவை சாமான் ஏற்றுவதற்கே செய்யப்பட்டவை. பெட்டியில் சிரிக்கும் இரண்டு பிள்ளைகளின் படம் இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கையேட்டிலோ, துணியின் அடியில் தைத்த சீட்டிலோ, "இக்கே ஃபொர் ட்ரான்ஸ்போர்ட் ஆவ் பார்ன்" என்று சிறிய எழுத்தில் இருக்கும். பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கு அல்ல என்பது பொருள். படத்தைப் பார்க்கும் எமக்கு அந்த வரி கண்ணில் படுவதில்லை.

இன்னொரு மயக்கம் "100 கிலோ தாங்கும்" என்ற எழுத்து. அந்த நூறு கிலோ தட்டையாக, அசையாமல், தொட்டி முழுவதும் பரந்து கிடக்கும் சுமைக்குரிய கணக்கு. பதினைந்து கிலோப் பிள்ளை எழுந்து நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. பாரம் தாங்குவது ஒன்று, கவிழாமல் இருப்பது வேறொன்று.

ஐரோப்பாவில் குழந்தைத் தள்ளுவண்டில்களுக்கென்று இ.என். 1888 என்ற தரவிதி உண்டு. அதன் முதற் பகுதி 15 கிலோ வரையான பிள்ளைகளுக்கும், இரண்டாம் பகுதி 15 முதல் 22 கிலோ வரையானவர்களுக்கும் உரியது. கவிழ்தல், பிறேக், இடைவார், தானாக மடியாதபடி பூட்டு, விரல் சிக்கக்கூடிய இடைவெளி என்பவற்றை அது சோதிக்கிறது. பிள்ளை ஏறத்தான் வேண்டுமென்றால் இந்த இலக்கம் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் இருந்தால் தோள்வாரும் இடைவாரும் சேர்ந்த கட்டும் இருக்கும், நல்ல பிறேக்கும் இருக்கும், விலையும் பல ஆயிரமாக இருக்கும். சீ.ஈ. முத்திரையைப் பார்த்து ஏமாறவும் கூடாது. அது விளையாட்டுப் பொருட்களில் இருக்க வேண்டிய அடையாளம். வீட்டு முற்றத்தில் பிள்ளை பொம்மையை ஏற்றி இழுக்கும் வண்டிலுக்கு அது போதும். தெருவில் பிள்ளையையே ஏற்றிப் போவதற்கு அது சான்று ஆகாது.

விரல்

மடக்கு வண்டிலில் எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் அதன் கீல்கள்தான். நடுவில் உள்ள நாடாவைப் பிடித்துத் தூக்கியதும் நான்கு பக்கச் சட்டங்களும் கத்தரிக்கோல் போல ஒன்றுக்கொன்று குறுக்காக மூடுகின்றன. பெரியவர் நாடாவை இழுக்கும் அந்த நொடியில், உதவி செய்ய வந்த பிள்ளையின் கை சட்டத்தில் இருக்கும்.

இது வெறும் பயம் அல்ல. 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனத்தின் மடக்குத் தள்ளுவண்டில்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து இலட்சம் மீளழைக்கப்பட்டன. அவற்றின் கீலில் சிக்கி 12 பிள்ளைகள் விரல் நுனியை இழந்திருந்தார்கள். பெற்றோருக்குக் கீல்களை மூடும் உறைகள் அனுப்பப்பட்டன. குழந்தைகளுக்கென்றே செய்த வண்டிலில் இப்படியென்றால், சாமானுக்குச் செய்த வண்டிலின் கீலை எப்படி நம்புவது?

ஆகவே கடையிலேயே வண்டிலை ஐந்தாறு தடவை விரித்து மடித்துப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கீல்களுக்கு மேல் துணியோ பிளாஸ்ரிக் மூடியோ இருக்கிறதா, விரித்தபின் அடித்தட்டு இறுக்கமாக அமர்கிறதா, கொழுக்கி தானாகக் கழன்றுவிடுமா என்று கவனியுங்கள். வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள்: வண்டில் மடிக்கும்போது பிள்ளைகள் மூன்று அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எமது வீட்டில் இதை விளையாட்டாகப் பழக்கினோம். இப்போது பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கண்டிக்கிறார்கள்.

தப்பித் தவறி விரல் நுனி துண்டிக்கப்பட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்து 113-ஐ அழையுங்கள். துண்டான பகுதியை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் இட்டு, அந்தப் பையைக் குளிர்ந்த நீர் உள்ள இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் கட்டி நேரடியாகத் தசையில் படக்கூடாது.

சில்லும் சரிவும் முதுகும்

ஒஸ்லோ மட்டமான நகரம் அல்ல. ஏக்கபெர்க்கிலிருந்து கீழே இறங்கியவர்களுக்கும், ஸ்தூவ்னர் பக்கத்துத் தொடர்மாடிகளிலிருந்து சாமானுடன் ஏறி இறங்குபவர்களுக்கும் இது தெரியும். நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் பாதையில் 40 கிலோ நிறைந்த வண்டில் ஏறத்தாழ நான்கு கிலோ இழுவையாக உங்கள் கையில் தொங்கும். இதற்கு மேல் கல்லும் மணலும் தரும் தடை வேறு. ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர ஆபத்து குறைவு. இறங்கும்போது அதே நான்கு கிலோ உங்கள் குதிக்காலைத் தேடி வரும். போன கோடையில் என் குதியில் வண்டிலின் முன்சட்டம் ஏறிய காயம் ஆற இரண்டு கிழமை பிடித்தது. உள்ளே தண்ணீர்ப் போத்தல்கள்தான் இருந்தன, பிள்ளை இருக்கவில்லை என்பது ஆறுதல்.

இழுத்து மட்டும் போகும் வண்டில்களில் உள்ள பிறேக் பெரும்பாலும் நிறுத்தி வைப்பதற்கானது. பின் சில்லில் காலால் அழுத்திப் பூட்டுவது. ஓட்டத்தில் அதைப் பிடிக்க முடியாது. சரிவில் இறங்கும்போது வண்டிலை முன்னால் விட்டுக் கைபிடியைப் பின்னிருந்து பிடித்துக் கொள்ளலாம். அதற்கு இருபக்கமும் மாற்றக்கூடிய கைபிடி வேண்டும். ஏக்கபெர்க் போன்ற இடங்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் இந்த வகையைத் தேடுவது நல்லது.

கைபிடியின் நீளம் பலர் பார்க்காத விடயம். குட்டையான கைபிடி என்றால் குனிந்து இழுக்க வேண்டும், வண்டிலும் குதியில் முட்டும். நீளம் கூட்டிக் குறைக்கக்கூடியதை எடுங்கள். வீட்டில் யார் அதிகம் இழுப்பாரோ அவரே கடையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அண்ணன் ஆறடி, அண்ணி ஐந்தடி என்றால் இரண்டு பேரும் போங்கள். ஒரே கையைப் பின்னால் நீட்டி நெடுந்தூரம் இழுத்தால் தோள்மூட்டும் இடுப்பும் முறுகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை மாற்றுங்கள்.

உண்மையில் முதுகு பிடிப்பது வண்டிலை இழுக்கும்போது அல்ல, காருக்குள் தூக்கி வைக்கும்போது. வெறும் வண்டிலே ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோ வரை இருக்கும். சாமானை முதலில் இறக்கிவிட்டு, முழங்காலை மடித்து, வண்டிலை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். நாரி நோவுடன் இருப்பவர்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைந்த வண்டிலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

சில்லைப் பொறுத்தவரை, போகும் இடத்தைக் கொண்டே முடிவெடுக்க வேண்டும். சொங்ஸ்வான் ஏரியைச் சுற்றிய பாதை மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். சரளை போட்ட, பெரும்பாலும் மட்டமான வழி. ஐந்தாம் இலக்கத் தேபானாவின் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். இந்தப் பாதைக்கும் ஃப்ரொக்னர் பூங்காவுக்கும் சாதாரண றப்பர்ச் சில்லு போதும். பிக்டோய் பக்கம் ஹூக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அகலச் சில்லு வேண்டும். ஒடுக்கமான சில்லு மணலில் புதைந்து, ஏர் உழுவது போல இருக்கும். வழவழப்பான கடும் பிளாஸ்ரிக் சில்லைத் தவிருங்கள், சரளையில் அதன் அதிர்வு கைமூட்டுக்கு ஏறும். பேரூந்திலும் தேபானாவிலும் போகிறவர்கள் வண்டிலை மடித்து எடுத்துச் செல்லப் பழகுங்கள். நடுவாசல் அருகே உள்ள இடம் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிலுக்கும் உரியது.

சின்னவருக்கு என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. ஒன்று முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாவது உடல் அசைவு வேண்டும். வண்டிலிலோ கதிரையிலோ ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது. நோர்வேயின் பாலர் பாடசாலைகளில் மூன்று வயதுப் பிள்ளைகள் மழையுடுப்புடன் காட்டுக்கு நடந்து போவதை நாம் எல்லோரும் காண்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் அதே பிள்ளை சனிக்கிழமை எம்முடன் வரும்போது மட்டும் ஏன் நடப்பதில்லை? நாம் வேகமாக நடக்கிறோம், நிற்பதில்லை, குச்சி பொறுக்க விடுவதில்லை. வண்டில் கையில் இருந்தால் ஏற்றிவிடுவது எளிதாகவும் இருக்கிறது.

சாமானை வண்டிலுக்குக் கொடுத்துவிட்டால் உங்கள் கைகள் பிள்ளைக்கு. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு கையில் பொதியுடன், நடக்க மறுக்கும் பிள்ளையை மறு கையால் வெடுக்கென்று இழுக்கும்போது முழங்கை மூட்டு சற்று விலகிவிடலாம். ஒன்று முதல் நான்கு வயதினரிடம் இது சாதாரணமாகக் காணப்படும் காயம். பிள்ளை அழும், பின்பு அந்தக் கையைத் தூக்காமல் தொங்கவிட்டு வைத்திருக்கும். நீங்களே முறுக்கிப் பார்க்க வேண்டாம். 116 117 இலக்கத்தில் அவசர மருத்துவ நிலையத்தை அழையுங்கள். மருத்துவர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். பிள்ளையைத் தூக்கும்போது கையைப் பிடித்தல்ல, அக்குளுக்குக் கீழ் பிடித்துத் தூக்குங்கள்.

பிள்ளைக்கென்றே சோதித்த வண்டில் வைத்திருப்போரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தானாக நிமிர்ந்து உட்கார முடியாத கைக்குழந்தைக்கு இது இடமல்ல. உட்கார்ந்தபடி உறங்கி நாடி நெஞ்சில் புதைந்தால் சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் மடங்கும். கைக்குழந்தைக்குப் படுக்க வைக்கும் வண்டிலே சரி. வெயிலுக்கு மறைப்பாகத் துணியைப் போர்த்திவிடும் பழக்கம் எம்மிடம் அதிகம். ஸ்வீடனில் 2014-இல் ஒரு நாளிதழ் செய்து பார்த்த சோதனையில், மூடாத வண்டிலில் 22 பாகையாக இருந்த வெப்பம், மெல்லிய துணியால் மூடியபோது அரை மணியில் 34 ஆகவும், ஒரு மணியில் 37 ஆகவும் ஏறியது. கூரை வையுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள், நிழலில் நடவுங்கள்.

பிள்ளையும் சூடான சட்டியும் ஒரே தொட்டியில் போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். சரளையில் ஒரு குலுக்கல் போதும். தேத்தண்ணிப் போத்தலின் மூடி கழன்றால் போதும். சுட்டால் இங்குள்ள மருத்துவர்கள் சொல்வது எளிது: 20 பாகைத் தண்ணீர், 20 நிமிடம். பனிக்கட்டியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். முகம், கை, பிறப்புறுப்பு சுட்டாலோ, பிள்ளை மிகச் சிறியதென்றாலோ உடனே அழையுங்கள். இறைச்சி வாட்டிய அடுப்பையும் கரி ஆறமுன் வண்டிலில் ஏற்ற வேண்டாம். அடியில் இருப்பது துணி. சாம்பலுக்குள் நெருப்பு பல மணித்தியாலம் இருக்கும்.

அம்மம்மா, அப்பப்பாவைப் பற்றியும் ஒரு சொல். சிலர் வண்டிலின் கைபிடியை ஊன்றுகோல் போலப் பிடித்து நடக்கிறார்கள். வண்டில் பாரத்தைத் தாங்கி நிற்காது, முன்னால் ஓடிவிடும். இடுப்பெலும்பு முறிய ஒரு விழுகை போதும். நடக்கத் துணை வேண்டுமென்றால் அதற்கென்று றுல்லாத்தோர் இருக்கிறது. மாநகர சபையின் ஊடாக விண்ணப்பித்தால் நாவ் உதவிச் சாதன நிலையத்திலிருந்து நீண்டகாலத் தேவைக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும். அதில் இருந்து இளைப்பாறவும் இருக்கை உண்டு. "கிழவர் மாதிரி" என்று வெட்கப்படுகிறவர்களை நான் அறிவேன். சொங்ஸ்வானில் அதைத் தள்ளிக்கொண்டு நடக்கும் எண்பது வயது நோர்வேஜியரைக் காட்டி ஒரு மூதாட்டியைச் சம்மதிக்க வைத்தோம்.

பனிக்காலத்துக்கு மடக்கு வண்டில் உதவாது. சில்லு பனியில் உருளாது, சறுக்கும். நோர்வேஜியர் புல்க் என்னும் சறுக்கு வண்டியை வைத்திருப்பது அதனால்தான். எதில் ஏற்றினாலும் இழுப்பவருக்கு வியர்க்கும், உள்ளே அசையாமல் இருப்பவருக்குக் குளிரும் என்பதை மறக்காதீர்கள். உங்களுக்குச் சூடாக இருப்பதை வைத்துப் பிள்ளையை மதிப்பிட வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். அது குளிர்ந்திருந்தால் இறக்கி நடக்க விடுங்கள்.

வாங்கியபின் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் வாங்கியதென்றால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமை உண்டு. பழுது இருந்தால் முறையிடுவதற்கு இரண்டு ஆண்டுகளும், நீண்டகாலம் பாவிக்கக்கூடிய பொருளென்றால் ஐந்து ஆண்டுகளும் சட்டம் தருகிறது. பழைய வண்டிலை இணைய விளம்பரத்தில் வாங்குகிறவர்கள் டி.எஸ்.பி. இயக்குநரகம் வெளியிடும் ஆபத்தான பொருட்களின் பட்டியலில் அந்த வகை இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் துணியை உதறிக் காய வைத்து, கீலில் புகுந்த மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். மணல் இருந்தால் பூட்டுக் கொழுக்கி முழுதாக விழாது. ஈரத்துடன் நிலவறையில் மடித்து வைத்தால் அடுத்த வைகாசியில் பூஞ்சணம்தான் வரவேற்கும். அப்படியே பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒஸ்லோ வளைகுடாத் தீவுகளின் புல்லில் அது தாராளமாக இருக்கிறது.